5 'எஸ்', 3 'எம்', 3 'கே'... ஒரகடம் ஆலைச் சுவர்களில் இருக்கும் விநோத வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

எழுத்து ஆங்கிலம்தான். ஆனால், படித்துப் பார்த்தால் ஆங்கில வார்த்தை மாதிரி தெரியாது. செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே... இந்த ஐந்தும் ஆங்கிலத்தில் எழுதும்போது 'எஸ்' எழுத்தில் தொடங்குகின்றன. அதனால் மொத்தமாக '5 எஸ்' என்று பெயர்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கார் ஆலையிலோ உதிரிபாகக் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஐந்தையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் நடக்கும் பயிற்சியில் முதலில் வரும் பாடங்களில் ஒன்று இது. ஐ.டி.ஐ, பாலிடெக்னிக் முடித்து இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளும் "5 எஸ் என்றால் என்ன?" என்ற கேள்விக்குத் தயாராகத்தான் போகிறார்கள்.

பட்டியலை ஒப்பிப்பது சுலபம். "செய்ரிக்கும் செய்டோனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அடுத்த கேள்வி வரும்போதுதான் பலரும் திணறுகிறார்கள். எல்லாம் 'எஸ்'ஸில் தொடங்குவதால் எழுத்து மனதில் நிற்கிறது, அர்த்தம் நழுவிவிடுகிறது. 'எஸ்' குடும்பத்துக்குப் பக்கத்திலேயே 'எம்' குடும்பம் ஒன்றும் இருக்கிறது: முடா, முரா, முரி. போர்டில் ஏறாத 'கே' குடும்பமும் உண்டு. இந்த மூன்று குடும்பங்களின் அர்த்தமும் தெரிந்தால் இன்டர்வியூவில் பதில் சொல்லலாம். அதைவிட முக்கியமாக, லைனில் நிற்கும்போது எதற்குக் கை தூக்கிப் பேசலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த ஊருக்கு எப்படி வந்தன?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது 1998-ல். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை அதே ஒரகடத்துக்கு வந்தது. 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா தொடங்கியது. கொரியா, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் என்று முதலாளிகளின் தாய்மொழி மாறிக்கொண்டே போனாலும், ஆலைக்குள் புழங்கும் சில வார்த்தைகள் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அவை ஜப்பானிலிருந்து வந்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பணமும் மூலப்பொருளும் பற்றாக்குறையாக இருந்த ஜப்பானில், இருப்பதை வீணாக்காமல் கார் செய்வது எப்படி என்ற கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் டொயோட்டாவின் உற்பத்தி முறை. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தைச்சி ஓனோ (1912-1990). டொயோட்டாவின் இந்திய கார் ஆலை இருப்பது கர்நாடகாவின் பிடதியில். ஆனால், அந்த முறையின் வார்த்தைகளுக்கு மாநில எல்லை கிடையாது. உலகம் முழுக்க கார் கம்பெனிகள் அவற்றை எடுத்துக்கொண்டன. கார் கம்பெனிக்கு நட்டு, போல்ட், சீட், கண்ணாடி சப்ளை செய்யும் கம்பெனிகளும் அதே பாஷையைப் பேச வேண்டியதாயிற்று.

சென்னைக்கு இந்தப் பாஷை ஒரகடம் வளர்வதற்கு முன்பே அறிமுகம். தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலில் வென்றது, சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அது 1998-ல். 2002-ல் டி.வி.எஸ் மோட்டாரும் அதே பரிசைப் பெற்றது.

'எஸ்' குடும்பம்: போகி முதல் கோலம் வரை

ஐந்து வார்த்தைகளையும் ஆலைக்குள் போகாமலே புரிந்துகொள்ளலாம். வீட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

செய்ரி: தேவையானது, தேவையில்லாதது என்று பிரித்து, தேவையில்லாததை வெளியே அனுப்புவது. நம் ஊர் போகிதான் இது. பரண்மேல் பத்து வருஷமாகக் கிடக்கும் உடைந்த மிக்ஸியை 'எதற்காவது ஆகும்' என்று வைத்திருப்பது செய்ரிக்கு எதிரி. ஆலைகளில் இதற்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். ஒரு பொருள் தேவையா என்று சந்தேகம் வந்தால் அதில் அட்டையைக் கட்டி, தேதி எழுதி, தனி இடத்தில் வைப்பார்கள். குறித்த நாளுக்குள் யாரும் தேடி வரவில்லை என்றால் அது வெளியே போய்விடும்.

செய்டோன்: மிச்சம் இருப்பதற்கு ஆளுக்கொரு இடம். அஞ்சறைப் பெட்டி நல்ல உதாரணம். கரன்ட் போனாலும் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று கை கண்டுபிடித்துவிடும். ஆலைகளில் ஸ்பேனர், சுத்தியலின் வடிவத்தைப் பலகையில் வரைந்து வைத்திருப்பார்கள். ஒரு ஸ்பேனர் திரும்பி வரவில்லை என்றால் அந்த வடிவம் மட்டும் காலியாகத் தெரியும். எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆக, முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: செய்ரி பிரிக்கும், செய்டோன் அடுக்கும். பிரிக்காமல் அடுக்கினால் குப்பையைத்தான் அழகாக அடுக்கியிருப்போம்.

செய்சோ: பெருக்கித் துடைப்பது. பளபளப்புக்காக மட்டும் செய்வதில்லை. துடைக்கும் கைக்குத்தான் எண்ணெய்க் கசிவு, தளர்ந்த போல்ட், விரிசல் எல்லாம் முதலில் தட்டுப்படும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினைத் துடைக்கும்போது, 'அட, இது எப்போது உடைந்தது?' என்று கண்டுபிடித்த அனுபவம் பட்டறைக்காரர்கள் பலருக்கும் இருக்கும். ஆயுத பூஜை வருஷத்துக்கு ஒருநாள், செய்சோ தினமும்.

செய்கெட்சு: மேலே சொன்ன மூன்றையும் எல்லோரும், எல்லா ஷிப்ட்டிலும் ஒரே மாதிரி செய்ய ஒரு பொது முறையை வகுப்பது. ஆவின் பால் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமலே நிறத்தைப் பார்த்து எந்தப் பால் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா? அதே மாதிரி, நடைபாதைக்கு ஒரு நிறக்கோடு, பழுதான பொருள் வைக்கும் தொட்டிக்குச் சிவப்பு என்று எல்லோருக்கும் பொதுவான அடையாளம் வைப்பது இதில் வரும்.

ஷிட்சுகே: யாரும் சொல்லாமலே பழக்கமாகச் செய்வது. வாசலில் கோலம் போடுவதற்கு எந்த வீட்டிலும் சூப்பர்வைசர் கிடையாது. 'ஆடிட் வருகிறது' என்றதும் ஓடி ஓடித் துடைத்துவிட்டு, ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் பழையபடி போட்டுவைப்பது ஷிட்சுகே இல்லாததற்கு அடையாளம்.

ஷிட்சுகே என்ற வார்த்தைக்கு ஜப்பானில் இன்னொரு பயன்பாடும் உண்டு. தையல்காரர் நிரந்தரத் தையல் போடுவதற்கு முன், துணி நகராமல் இருக்கத் தற்காலிகமாக ஓட்டும் நூலுக்கும் அதே பெயர். முதலில் தற்காலிக நூல் பிடித்துக்கொள்ளும், பிறகு துணி தானாக அந்த வடிவத்தில் நிற்கும். பழக்கம் உருவாவதும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தச் சொல்லை எழுதும் சித்திர எழுத்தில் 'உடல்', 'அழகு' என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்திருக்கின்றன.

ஜப்பானிய எழுத்தில் 5 எஸ் இல்லை!

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐந்து வார்த்தைகளும் ஒரே எழுத்தில் தொடங்குவது ஆங்கில எழுத்தில் எழுதும்போது மட்டும்தான். ஜப்பானிய ஒலி எழுத்தில் எழுதினால், முதல் நான்கும் 'செ' எழுத்தில் தொடங்கும். ஐந்தாவது மட்டும் 'ஷி'. தமிழில் எழுதினாலும் அப்படியே நான்கு 'செ', ஒரு 'ஷி' வருகிறது என்பதைக் கவனித்தீர்களா? அந்த வகையில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் ஜப்பானிய எழுத்துக்கு நெருக்கம்.

உச்சரிப்பிலும் ஆங்கில எழுத்து கொஞ்சம் ஏமாற்றும். செய்கெட்சுவின் கடைசி 'உ'வும், ஷிட்சுகேயின் நடுவில் வரும் 'உ'வும் ஜப்பானியர் வாயில் ஏறக்குறையக் கேட்காது. 'செய்கெட்ஸ்', 'ஷிட்ஸ்கே' என்றுதான் காதில் விழும். நம் குற்றியலுகரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களும் விடவில்லை. சார்ட், செட் இன் ஆர்டர், ஷைன், ஸ்டாண்டர்டைஸ், சஸ்டெய்ன் என்று தேடிப்பிடித்து ஐந்து 'எஸ்' கண்டுபிடித்துவிட்டார்கள். கொரிய ஆலைகளில் இந்த ஐந்தோடு மூன்று 'ஜொங்' சேர்த்துச் சொல்வார்கள். சரியான பொருள், சரியான அளவு, சரியான இடம். 'சரியான' என்பதற்கான அந்த 'ஜொங்' மூன்றிலும் முன்னால் வருகிறது.

அப்படியானால் தமிழில் ஒரே எழுத்தில் முடியாதா? முடியும். பிரி, பொருத்து, பெருக்கு, பொதுவாக்கு, பழக்கு. ஐந்தும் 'ப' வரிசை. தேவையில்லாததைப் பிரி, மிச்சத்தை அதனதன் இடத்தில் பொருத்து, பெருக்கித் துடை, எல்லோருக்கும் பொதுவாக்கு, அதையே பழக்கு. ஐந்து 'எஸ்' மறந்துபோகிறவர்களுக்கு இந்த ஐந்து 'ப' கைகொடுக்கும்.

இவை ஆலைக்கு மட்டும் சொந்தமான வார்த்தைகளும் இல்லை. கொழும்பில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000-ம் ஆண்டு வாக்கில் 5 எஸ் முறையைக் கையில் எடுத்தது. மருந்து அலமாரி, பிரசவ வார்டு, கோப்பு அறை என்று ஒவ்வோர் இடமாக ஒழுங்குக்கு வந்தது. அது பேசப்பட்டு, ஜப்பானின் உதவி அமைப்பான ஜைகா 2007 முதல் ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கு அதை ஒரு முன்மாதிரியாகக் காட்டத் தொடங்கியது. அவசரத்தில் மருந்து எங்கே என்று தேடாமல் இருப்பது ஓர் உயிரின் விஷயம் என்பதால், அங்கே 'செய்டோன்' வெறும் அடுக்கு வேலையாக இருக்க முடியாது.

'எம்' குடும்பம்: பன்னிரண்டு குடம் தண்ணீர்

அடுத்தது மூன்று 'எம்'. இவை 5 எஸ் அளவுக்குப் பிரபலம் இல்லை. ஆனால், தொழிலாளியின் உடம்பை நேராகத் தொடும் வார்த்தைகள் இவைதான்.

முடா என்றால் வீண். ஓனோ இதை ஏழு வகையாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது, காத்திருப்பது, பொருளைத் தேவையில்லாமல் இடம் மாற்றுவது, வேண்டாத வேலையைக் கூடுதலாகச் செய்வது, ஸ்டாக் குவிப்பது, தேவையில்லாமல் குனிந்து நிமிர்ந்து நடப்பது, பிழையான பொருளைச் செய்வது.

முரா என்றால் சீரின்மை. ஒரு மணி நேரம் பஸ் வராது. வந்தால் ஒரே நம்பரில் மூன்று சேர்ந்து வரும். அதுதான் முரா. மாதத் தொடக்கத்தில் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்து, மாதக் கடைசியில் ஓவர்டைம் மேல் ஓவர்டைம் பார்ப்பதும் முராதான்.

முரி என்றால் மிகைச்சுமை. மெஷினையோ மனிதரையோ தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்குவது. ஒரே ஆட்டோவில் பத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது முரி. ஜப்பானியர் அன்றாடப் பேச்சில் "என்னால் ஆகாது" என்பதற்கும் "முரி!" என்றே சொல்வார்கள்.

மூன்றையும் ஒரே கணக்கில் பார்க்கலாம். தெருக்குழாயிலிருந்து 12 குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். ஒருவரால் நியாயமாக இரண்டு குடம் தூக்க முடியும். ஒவ்வொன்றாகத் தூக்கினால் 12 நடை. பாதி நடை வீண். அது முடா. நான்கு நான்காகத் தூக்கினால் மூன்றே நடையில் முடியும்; ஆனால் இடுப்பு போய்விடும். அது முரி. முதல் நடையில் நான்கு, அடுத்த நடையில் ஒன்று என்று மாற்றி மாற்றித் தூக்கினால் அது முரா. இரண்டிரண்டாக ஆறு நடை என்றால் மூன்றுமே இல்லை. மூன்று நடையில் முடித்தவரைப் பார்த்து 'சபாஷ், ஒன்பது நடை மிச்சம்' என்று பாராட்டினால், கணக்கில் முடா குறைந்திருக்கும். முரி மட்டும் இடுப்பில் இருக்கும்.

இந்த மூன்றையும் நினைவில் வைக்கத் தமிழ்க் காதுக்கு ஒரு வசதி இருக்கிறது. முடா - முடக்கம், முரா - முரண், முரி - முறிவு. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் இதில் எந்த உறவும் கிடையாது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஆனால், அர்த்தமும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் மறக்காது. அதே லைனில் நிற்கும் மேற்கு வங்கத் தொழிலாளிக்கு இந்த வசதி இல்லை. அவர் ஊரில் 'முரி' என்றால் சாப்பிடும் பொரி. பயிற்சி வகுப்பில் வார்த்தையைச் சொல்லிவிட்டு அர்த்தத்தைச் சொல்லாமல் விட்டால், ஆளுக்கொரு 'முரி'யோடு வீட்டுக்குப் போவார்கள்.

காலி இடம் வீணா, மூச்சு விடும் இடமா?

முடாவையும் முரியையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரகடமே ஒருமுறை பார்த்தது. கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதம். ரெனோ-நிஸான் ஆலையில் சமூக இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுவதாக நிறுவனம் சொன்னது. மே மாதக் கடைசியில் சில நாள்கள் ஆலை இயங்கவில்லை. அப்போது பேசப்பட்ட முக்கியமான விஷயங்களில் ஒன்று, நகர்ந்துகொண்டே இருக்கும் அசெம்பிளி லைனில் கார்களுக்கு நடுவே காலி இடம் விடுவது.

லைன் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு காருக்கான வேலையை முடித்தால் அடுத்த கார் வந்து நிற்கிறது. ஒருவர் வேலை கொஞ்சம் தாமதமானால் அடுத்தவர் இடத்துக்குள் போய்த்தான் முடிக்க வேண்டியிருக்கும். இருவரும் தோளோடு தோள் உரசுவார்கள். நடுவே ஒரு காருக்கான இடத்தைக் காலியாக ஓடவிட்டால் ஆளுக்கு ஆள் இடைவெளி கிடைக்கும்.

இதே காலி இடத்தை முடா கண்ணாடி போட்டுப் பார்த்தால், கார் இல்லாமல் ஓடும் லைன்; சுத்த வீண். முரி கண்ணாடி போட்டுப் பார்த்தால், மனிதருக்கு அவசியமான இடைவெளி. ஒரே இடம்தான், பார்க்கும் வார்த்தைதான் வேறு. எந்த வார்த்தை யாருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது. முடா மட்டுமே சொல்லிக்கொடுக்கப்பட்ட தொழிலாளிக்கு அந்தக் காலி இடத்தைக் கேட்க வார்த்தை இருக்காது. முரி தெரிந்தவர், ஆலையின் சொந்தப் பாஷையிலேயே அதைக் கேட்கலாம்.

'கே' குடும்பம்: போர்டில் இருப்பதும் இல்லாததும்

'கே' எழுத்தில் இரண்டு பிரபலங்கள் உண்டு. கைசென் என்றால் 'நல்ல மாற்றம்'. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வது. மசாக்கி இமாய் 1986-ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இந்த வார்த்தையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கன்பன் என்றால் ஜப்பானியத்தில் கடைப் பெயர்ப் பலகை. ஆலையில் அது 'இந்தப் பாகம் தீர்ந்துவிட்டது, இத்தனை அனுப்பு' என்று சொல்லும் அட்டை. சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புவதைப் பார்த்து வந்த யோசனை இது. கைசென், கன்பன் இரண்டுமே இன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பிடித்துவிட்டன. அதாவது, இப்போது அவை ஆங்கில வார்த்தைகளும்தான்.

எந்தப் போர்டிலும் பார்க்க முடியாத மூன்று 'கே'க்கள் உண்டு. கிட்சுய், கித்தனாய், கிக்கென். கடினமான, அழுக்கான, ஆபத்தான. 1980-களின் இறுதியில், ஜப்பானிய இளைஞர்கள் செய்ய விரும்பாத வேலைகளை '3 கே வேலை' என்று அழைப்பது பரவலானது. அந்த வேலைகளுக்கு ஆள் கிடைக்காமல், ஜப்பான் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தியது; அந்தத் திருத்தம் 1990-ல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த பிரேசில்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஆலை வேலைக்கு வந்தார்கள். கொரியாவில் இதையே '3 டி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் டர்ட்டி, டேஞ்சரஸ், டிஃபிகல்ட் மூன்றும் 'டி'யில் தொடங்குவதால்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இந்தக் கதை புதிதில்லை. தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு, பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று பல மாநிலத்தவர்களும் இன்று இங்கே வேலை பார்க்கிறார்கள். வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்ட்டில் தமிழக அரசு திறந்தது. ஒரே ஆலைக்காக எவ்வளவு பேர் ஊரைவிட்டு வந்து தங்குகிறார்கள் என்பதற்கு இந்த எண்ணே போதும். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் புரியும் மொழி எது என்பது சின்ன கேள்வி இல்லை. எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் இருந்து, பயிற்சி தமிழிலோ இந்தியிலோ நடந்து, கேட்பவருக்கு ஒடியா மட்டுமே தெரிந்தால், அர்த்தம் எங்கோ நடுவில் விழுந்துவிடும். பவர் பிரஸ் அருகே நிற்பவருக்கு அந்த அர்த்தத்தின் விலை ஒரு விரலாக இருக்கலாம்.

மூன்றாவது 'கே'வான கிக்கென், அதாவது ஆபத்து, வேறொரு பெயரில் போர்டிலும் உண்டு. 'கே.ஒய்.டி' என்று ஒரு பாதுகாப்புப் பயிற்சி. அதில் முதல் இரண்டு எழுத்து 'கிக்கென் யோச்சி'. ஆபத்தை முன்கூட்டியே கணிப்பது. வேலை நடக்கும் ஒரு படத்தைக் காட்டி, குழுவாக உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்டுக்கொள்வார்கள். இதில் என்னென்ன ஆபத்து இருக்கிறது? அவற்றில் எது பெரியது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நாம் எல்லோரும் இனி என்ன செய்யப்போகிறோம்?

இந்தப் பயிற்சியின் பலமே, மேஸ்திரி பேசி மற்றவர்கள் கேட்காமல், லைனில் நிற்பவர்களே பேசுவதுதான். சமையலறையில் குக்கர், ஈரத்தரை, ஸ்விட்ச் போர்டு இருக்கும் ஒரு போட்டோவைப் பிள்ளைகளிடம் காட்டி இதே நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நாம் கவனிக்காததை அவர்கள் காட்டுவார்கள்.

கூட்டத்தில் சேராத ஒரு வார்த்தை

'எஸ்', 'எம்', 'கே' எதிலும் சேராமல் 'ஏ' எழுத்தில் தனியாக நிற்கும் ஒரு வார்த்தையையும் சொல்லியாக வேண்டும்: அந்தோன். பழைய ஜப்பானில் காகிதம் ஒட்டிய விளக்குக்கு அந்தப் பெயர். ஆலையில் அது லைனுக்கு மேலே எரியும் விளக்கு. பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் உதவி வேண்டும். சிவப்பு என்றால் லைன் நின்றுவிட்டது. தவறு நடப்பதைப் பார்க்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ, பட்டனை அழுத்தியோ அந்த விளக்கை எரியவிடலாம். தேவைப்பட்டால் லைனையே நிறுத்தலாம் என்பதுதான் டொயோட்டா முறையின் அடிப்படை. நேற்று சேர்ந்த டிரெய்னிக்கும் அது பொருந்தும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வேலை செய்யும் இடம் ஒழுங்காக இருக்க ஐந்து 'எஸ்'. வேலை வீணாகாமலும், தாறுமாறாகாமலும், ஆளை முறிக்காமலும் இருக்க மூன்று 'எம்'. ஆபத்தை முன்கூட்டியே பார்க்க 'கே'. பார்த்ததும் நிறுத்த ஓர் அந்தோன். இவற்றை உருவாக்கியபோது தொழிலாளியை வெறும் கையாக மட்டும் நினைக்கவில்லை. பார்த்து, யோசித்து, சொல்லக்கூடியவராகவும் நினைத்தார்கள். சுத்தம் செய்வதை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல்லும் உரிமையை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது துடைப்பம் மட்டும்தான்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு...

ஐந்து வார்த்தைகளை வரிசையாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டிலிருந்தோ, கல்லூரி ஒர்க் ஷாப்பிலிருந்தோ ஓர் உதாரணம் சொல்லுங்கள். போகியும் அஞ்சறைப் பெட்டியும் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்; புரிந்துதான் சொல்கிறார் என்று தெரிந்துவிடும்.

பிள்ளைகளை இந்த வட்டாரத்துக்கு வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர், போனில் "சாப்பிட்டியா, சம்பளம் வந்ததா" என்று கேட்பதோடு, "இன்னிக்கு எத்தனை மணி நேரம் நின்னே? மெஷின்கிட்ட பயமா இருக்கிற இடம் எது? யாருகிட்ட சொன்னே?" என்றும் கேட்கலாம். முதல் கேள்வி முரி, இரண்டாவது கிக்கென், மூன்றாவது அந்தோன். அதற்கு ஜப்பானிய மொழியோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே லைனில் நிற்பவர்கள் அடுத்த பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: "முடாவைக் குறைக்கச் சொன்னீங்க சார், முரியை யாரு அளக்கிறாங்க?" வார்த்தை அவர்கள் போர்டில் எழுதியதுதான். அதனால் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.